பெயர் எழுதிய படங்கள்: பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு வந்த எமது மலைநாடு

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குப் படங்கள் அனுப்புமாறு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வாழும் அக்காமாரிடமும் தங்கைமாரிடமும் கேட்டிருந்தோம். வந்தவற்றைப் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்து அடுக்கினோம். 1930கள், 1940களின் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் அநேகமாக எல்லாவற்றின் அடியிலும் பெயர்கள் இருந்தன. 1980கள், 1990களின் வர்ணப் படங்கள் கடித உறைகளில் கட்டுக் கட்டாக வந்தன. அண்மைய பத்தாண்டின் படங்கள் கையடக்கத் தொலைபேசி வழியே ஆயிரக்கணக்கில் வந்தன. ஏறத்தாழ 2003 தொடக்கம் 2012 வரையான அடுக்கு மட்டும் மெலிந்து கிடந்தது.

அந்த ஆண்டுகளில்தான் எமது வீடுகளுக்குள் டிஜிட்டல் கமரா வந்தது. கமரா பெருகிய காலத்தில் படம் குறைந்தது எப்படி என்ற கேள்வி அங்கே பிறந்தது. விடை தேடிப் பின்னோக்கிப் போனபோது கதை நூற்றைம்பது ஆண்டுகள் நீண்டது. மலைநாட்டில் படம் பிடிப்பது ஒருபோதும் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. யார் எடுத்தார்கள், யாரை எடுத்தார்கள், அடியில் பெயர் எழுதினார்களா என்பவற்றில் எமது சமூகத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது.

கண்ணாடித் தட்டுக் காலம்

ஒளிப்படக் கலை 1839இல் பிரான்சில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அக்கலையின் மிகப் பெரிய பெயர்களுள் ஒன்று எமது நுவரெலியா மாவட்டத்து மண்ணில் உறங்குகிறது. கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் தமது 48ஆவது வயதில்தான் முதன்முதலாகக் கமராவைக் கையிலெடுத்தார். இங்கிலாந்தில் கவிஞர் டெனிசன், விஞ்ஞானி டார்வின், வானியலறிஞர் ஹேர்ஷல் ஆகியோரைப் படம் பிடித்துப் புகழ்பெற்றார். அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரனின் பெயரை நாம் எல்லோரும் வரலாற்றுப் பாடத்தில் மனனம் செய்திருக்கிறோம். கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் இரண்டாவது பெயர் அவருடையதுதான்.

இத்தம்பதியர் 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறினார்கள். 1879 ஜனவரியில் டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்தில் அம்மையார் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் கணவனும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அந்தத் தேவாலயத்தைத் தாண்டிப் பேருந்தில் கல்லூரிக்கு வந்த மாணவிகள் எங்களுள் பலர் இருந்தோம். அங்கே யார் உறங்குகிறார் என்பதை நாங்கள் மிகப் பிந்தியே அறிந்தோம்.

அம்மையார் பயன்படுத்தியது ஈரத் தட்டு முறை. கண்ணாடித் தட்டில் இரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் பிடித்து, காய்வதற்குள்ளேயே கழுவி எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைப்பது ஒரு கால் மணித்தியாலம். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்றுக்கு ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்று தலைப்பு. இங்கிலாந்தில் தம் வீட்டுப் பணிப்பெண்ணைக்கூட மேரி ஹில்லியர் என்று பெயருடன் உலகுக்குக் காட்டியவர் அவர். இங்கே அவர் முன் நின்றவர்களுக்குக் கிடைத்ததோ ஊரின் பெயர் மட்டும்தான்.

அக்காலத்திலேயே கண்டியிலும் கொழும்பிலும் ஸ்கோவன், ஸ்கீன் முதலிய நிறுவனங்கள் தோட்டக் காட்சிகளைப் படம் பிடித்து விற்றன. 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் படத் தபாலட்டைகளுக்குப் பேர்போனது. கோப்பிப் பயிர் 1869இல் தோன்றிய இலைநோயால் அழிந்து, மலைகளெல்லாம் தேயிலையாக மாறிய காலம் அது. கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் தேயிலைப் பெட்டியிலும் விளம்பரத்திலும் தபாலட்டையிலும் ஏறி இலண்டன் வரை போனது. ‘தமிழ்ப் பெண்’, ‘கொழுந்து பறிப்போர்’ என்பவையே அப்படங்களின் விளக்கங்கள். அந்த முகங்கள் எங்கள் பூட்டிமாருடைய முகங்களாக இருக்கலாம். பெயர் இல்லாததால் எங்களால் உரிமை கோர முடியவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களிடம் ஒரு தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. போய்ச்சேர வேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் அதில் இருந்தன. ஆளின் அடையாளம் அந்த இலக்கம்தான். கமரா அப்போதே மலைக்கு வந்துவிட்டது. ஆனால் அது ஆளை அடையாளம் காட்ட வரவில்லை, காட்சியை விற்க வந்திருந்தது.

குழுப்படம் என்ற பெருமை

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் எமது கல்லூரியின் பழைய குழுப்படங்களின் அருமை புரியும். முன் வரிசையில் ஆசிரியைகள் கதிரைகளில் அமர்ந்திருப்பார்கள். பின்னே வாங்குகளின் மேல் மாணவிகள் மூன்று வரிசையாக நிற்பார்கள். முக்காலியின் மேல் மரக் கமரா. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படப்பிடிப்பாளர் குவியத்தைச் சரிசெய்யும்வரை அனைவரும் அசையாமல் நிற்க வேண்டும். படம் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டு வரும். அடியில் இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக, முதலெழுத்துடன் பெயர்கள். வராதவர்களின் பெயரும் ‘சமுகமளிக்காதோர்’ என்று இருக்கும்.

மலைநாட்டுத் தமிழ்ப் பெண் ஒருத்தி பெயருடன் படத்தில் நிற்பதற்கு அக்காலத்தில் இருந்த இடங்கள் மிகக் குறைவு. பாடசாலை அவற்றுள் ஒன்று. ஆரம்ப ஆண்டுப் படங்களில் உத்தியோகத்தர், கடைக்காரர், பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகளே அதிகம். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்குள் முழுமையாக வரவில்லை. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்புதான் லயத்துப் பிள்ளைகள் எமது குழுப்பட வரிசைகளில் எண்ணிக்கையில் கூடினார்கள். அட்டையிலுள்ள பெயர்களைப் பத்தாண்டு பத்தாண்டாக வாசித்தாலே இந்த மாற்றம் தெரிந்துவிடும். படம் மட்டும் இருந்து பெயர் இல்லாதிருந்தால் இதை எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

குடியுரிமையும் கடவுச்சீட்டுப் படமும்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எமது மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; மிகுந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

எங்கள் அம்மாக்களின் காலத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரத்து ஸ்டூடியோக்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது கல்யாணப் படத்தைவிட இந்தப் பத்திரப் படங்கள்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாழ்க்கையில் முதற்தடவையாகக் கமரா முன் அமர்ந்த பலர், இந்த மண்ணை விட்டுப் போவதற்கான கடவுச்சீட்டுக்காகவே அமர்ந்தார்கள். ஸ்டூடியோவில் இருந்த சட்டையையும் மேல்துண்டையும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, சீலைத் திரைக்கு முன், சிரிக்காமல். பிறகு ரயிலேறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அந்தக் காலத்து வகுப்புப் படங்களின் பின்புறத்தில் ‘இவள் இந்தியாவுக்குப் போய்விட்டாள்’ என்று எழுதிய வரிகளைப் பார்த்தோம். திருச்சியிலும் நீலகிரியிலும் இன்று பாட்டிகளாக இருக்கும் அந்த அக்காமாரை இந்த மலருக்காகத் தேடியபோது எமக்குத் துணையாக இருந்தவை பின்புறத்து வரிகளும் முன்புறத்துப் பெயர்களும்தான்.

1972இல் தேசிய அடையாள அட்டை வழங்கும் பணி தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் படம், ஒன்பது இலக்கம், இறுதியில் ஓர் எழுத்து. எங்கள் வகுப்பில் பலருக்குச் சாதாரண தரப் பரீட்சைக்காக எடுத்த அடையாள அட்டைப் படமே தனியாக எடுத்த முதற்படம். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், அதனால் அட்டையும் இல்லாமல், அதிபரின் அறைக்கும் கிராம சேவகரின் அலுவலகத்துக்கும் நடந்த தோழிகளை நாங்கள் அறிவோம். போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் அந்த முத்திரை அளவுப் படம் ஒருவரை வீட்டுக்கும் அனுப்பும், காவலுக்கும் அனுப்பும். 1988இலும் பின்னர் 2003இலும் வந்த சட்டங்கள் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தந்தன. அந்த 2003இன் சுற்றுவட்டத்தில்தான் டிஜிட்டல் கமராவும் மலையேறியது.

முப்பத்தாறு படங்கள்

எங்களுடைய பள்ளிக்காலம் முழுவதும் பிலிம் காலம். ஒரு சுருளில் 24 அல்லது 36 படங்கள். சுருளுக்கு ஒரு விலை, கழுவ ஒரு விலை, அச்சிட ஒரு விலை. வகுப்பில் யாராவது ஒருத்தியின் சித்தப்பா மத்திய கிழக்கிலிருந்து கொண்டுவந்த சிறு கமராவே எல்லோருக்கும் பொது. பிரியாவிடை நாளில் காசு சேர்த்து ஒரு சுருள் வாங்கி, யார் யாருடன் நிற்பது என்று முதலே பட்டியல் எழுதிக்கொள்வோம். விளையாட்டுப் போட்டிக்குப் பத்து, ஒளிவிழாவுக்குப் பத்து, வாணிவிழாவுக்குப் பத்து. மிகுந்த ஆறும் அதிபருக்கும் ஆசிரியைகளுக்கும். கணக்குப் பார்த்து எடுத்ததால் ஒவ்வொரு படத்திலும் ஆள் நிறைந்திருப்பார்கள்.

மலைநாட்டுக் காலநிலை பிலிமுக்கு இலகுவானதல்ல. நுவரெலியா நகரம் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பனிமூட்டத்தில் பிளாஷ் அடித்தால் ஒளி மூட்டத்தில் பட்டுத் திரும்பிப் படம் வெளிறிவிடும். கறுப்பு வெள்ளை பிலிமைக் கழுவும் இரசாயனத்துக்கு 20 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஜனவரி இரவுகளில் உறைபனி விழும் ஊரில் இருட்டறைத் தண்ணீரைச் சுடவைத்துக் கலந்தால்தான் வேலை நடக்கும். 1972இல் வந்த வர்ண பிலிம் கழுவும் முறை இன்னும் கண்டிப்பானது: 37.8 பாகை, 3 நிமிடம் 15 விநாடி. அரைப் பாகை தப்பினாலும் நிறம் மாறும். ஆகவே வர்ணச் சுருள்கள் இயந்திரம் உள்ள பெரிய ஸ்டூடியோக்களுக்கே போயின. போன சுருள் திரும்பி வரும்வரை காத்திருப்போம். ஈரக்காற்றில் கமராவின் வில்லையிலும் நெகட்டிவிலும் பூஞ்சணம் படர்வதும் இங்கு வழமை.

இன்னொரு குறையும் இருந்தது. எங்கள் பழைய வர்ணக் குழுப்படங்கள் சிலவற்றில், வெள்ளைக்கார விருந்தினரின் முகம் துலக்கமாக இருக்க, அருகில் நிற்கும் எங்கள் முகங்கள் இருண்டு கிடக்கின்றன. கழுவுமிடங்களில் நிறத்தைச் சரிபார்க்க கொடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டைகளில் நீண்ட காலம் இருந்தது வெள்ளைநிறப் பெண்ணொருத்தியின் படம். அதற்கு ‘ஷெர்லி அட்டை’ என்று தொழில்முறைப் பெயர். பழுப்பு நிறச் சொக்லேட்டையும் மரத் தளபாடங்களையும் விளம்பரப்படுத்தியவர்கள் முறையிட்ட பின்னரே இருண்ட நிறங்களை நன்கு பிடிக்கும் பிலிமுக்கு முயற்சி நடந்ததாக ஒளிப்பட வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் படத்தைப் பார்த்துவிட்டு ‘கறுத்துப் போயிட்டோம்’ என்று சிரித்தோம். அளவுகோல் எங்களுக்காகச் செய்யப்பட்டதல்ல என்பது அப்போது தெரியாது.

டிஜிட்டல் மலையேறிய விதம்

டிஜிட்டல் கமராவின் பிறப்பிடம் பிலிம் விற்ற அதே கொடாக் நிறுவனம். 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் பொயில், ஸ்மித் என்ற இருவர் ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேமிக்கும் சில்லை உருவாக்கினார்கள். அதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்றார்கள். அத்தகைய சில்லைக் கொண்டு கொடாக்கின் இளம் பொறியியலாளர் ஸ்டீவன் சாஸன் 1975இல் ஒரு கமராவைச் செய்தார். நிறை 3.6 கிலோகிராம். ஒரு படத்தில் 10,000 புள்ளிகள். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள். பிலிமில் பெரும் இலாபம் பார்த்த நிறுவனம் அந்தக் கண்டுபிடிப்பை முன்தள்ளவில்லை.

அதன் பின் மாற்றம் வேகமாக வந்தது. 1999இல் நிக்கோனின் டி1 பத்திரிகைப் படப்பிடிப்பாளரின் கைக்கு வந்தது. 2003இல் கெனன் 300டி ஆயிரம் அமெரிக்க டொலருக்குக் குறைவாக விற்கப்பட்டது. 2006இல் கொனிக்கா மினோல்டா கமரா, பிலிம் தொழில்களை விட்டு விலகுவதாக அறிவித்தது. 2012 ஜனவரியில் கொடாக் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. பூஜி நிறுவனமோ தனது இரசாயன அறிவை மருத்துவக் கருவிகளுக்கும் அழகுசாதனங்களுக்கும் திருப்பிப் பிழைத்துக்கொண்டது.

எமது ஊரில் இது வேறு விதமாக நடந்தது. முதலில் வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த சிறிய வெள்ளிநிறக் கமரா. லயத்து வீட்டில் மின்சாரம் இல்லாதவர்கள் கடையில் கொடுத்துப் பற்றரி ஏற்றினார்கள். பிறகு ஸ்டூடியோக்கள் மாறின. இருட்டறையின் சிவப்பு விளக்கு அணைந்தது. அந்த இடத்தில் கணினியும் அச்சுப்பொறியும் வந்தன. காலையில் எடுத்துச் சில நாட்கள் கழித்து வாங்கிய அடையாள அட்டைப் படம் பத்து நிமிடத்தில் கைக்கு வந்தது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, அரைநாள் சம்பளம் இழந்து நகரத்துக்கு இரண்டு தடவை வரவேண்டியிருந்த தாய்க்கு இது பெரிய ஆறுதல். 2017இல் புதிய மின்னணு அடையாள அட்டை வந்தபோது, பதிவுபெற்ற ஸ்டூடியோவில் எடுத்த வர்ணப்படம் கணினி வழியே ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும் முறையும் வந்தது.

இன்னொரு பெரிய மாற்றத்தையும் சொல்ல வேண்டும். எடுத்த படத்தை அந்தக் கணமே பார்க்க முடிந்ததால், முகம் இருண்டிருந்தால் திரும்ப எடுக்க முடிந்தது. தொலைபேசியிலேயே கமரா வந்த பின், கொழுந்து மலையிலிருக்கும் பெண் தன்னையும் தன் தோழிகளையும் தானே படம் பிடிக்கிறாள். கண்ணாடித் தட்டுக் காலத்திலிருந்து அவளைப் படமாக்கியவர்கள் எல்லோரும் வெளியாட்கள். நூற்றைம்பது ஆண்டுகளில் கமரா அவள் கைக்கு வந்தது இப்போதுதான். பிலிம் காலத்தை எண்ணி ஏங்குபவர்கள் இந்த ஒன்றையாவது மறக்கக் கூடாது.

மெலிந்த அடுக்கு

அப்படியானால் 2003 – 2012 ஏன் மெலிந்தது? படங்கள் எடுக்கப்படாமல் இல்லை, ஏராளமாக எடுக்கப்பட்டன. ஆனால் கமராவிலிருந்து கணினிக்குப் போயின, கணினி பழுதாகியது. இறுவட்டில் பதிந்தார்கள், ஈரமும் வெயிலும் பட்டு இறுவட்டு வாசிக்க முடியாமல் போனது. நினைவட்டையை அழித்து அடுத்த விழாவுக்குப் பயன்படுத்தினார்கள். மறந்துபோன கடவுச்சொல்லுக்குப் பின்னால் சில நின்றுவிட்டன. அச்சிட்டவர்கள் மிகக் குறைவு. ‘பிறகு பிரிண்ட் போடலாம்’ என்பதே அந்தக் காலத்தின் பல்லவி.

பிலிமில் சேமிப்பு தானாக நடந்தது. கழுவினால் நெகட்டிவ் கையில் இருக்கும். அலுமாரியின் அடியில் இருபது ஆண்டுகள் மறந்து கிடந்தாலும், வெளிச்சத்தில் பிடித்தால் முகம் தெரியும். டிஜிட்டல் கோப்பை மறந்துவிட்டால் அது மெல்ல மெல்ல மங்குவதில்லை. ஒரு நாள் முற்றாக இல்லாமல் போகிறது. அதைக் காப்பதற்கு யாராவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய இடத்துக்கு நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்றைய ஆயிரக்கணக்கான படங்களிலோ வேறு நோய். ‘டிஎஸ்சி 0047’ என்று கமரா வைத்த இலக்கமே கோப்பின் பெயர். பற்றரி இறங்கிய கமராவின் மணிக்கூடு பின்போய், 2009இல் நடந்த பரிசளிப்பு விழா 2000 ஜனவரி 1 என்று திகதி காட்டுகிறது. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப்போகிறது. உள்ளே இருந்த திகதி, இட விபரங்களும் உதிர்ந்துவிடுகின்றன. முப்பது மாணவிகள் சிரிக்கிறார்கள், ஒருவர் பெயரும் தெரியவில்லை. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து அது ‘மலைநாட்டு மாணவிகள்’ என்ற படமாகவே இருக்கும். பழைய தபாலட்டையின் விளக்கத்துக்கு நாமே திரும்பிவிடுகிறோம்.

வைத்தியசாலை கற்றுத்தந்தது

எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியத் துறைக்குப் போனவர்கள் இதே மாற்றத்தை வேறோர் இருட்டறையில் பார்த்தோம். 1895 டிசெம்பரில் ரொண்ட்ஜன் தம் மனைவியின் கையை எக்ஸ்கதிர்ப் படமாக எடுத்தார். விரலில் மோதிரத்துடன் இருக்கும் அந்தக் கை அன்னா பெர்த்தாவினுடையது என்பதை உலகம் இன்றும் அறியும். நாங்கள் பயிற்சி பெற்ற காலத்தில் எக்ஸ்கதிர் பிலிமை இரசாயனத் தொட்டியில் கழுவி, சட்டத்தில் மாட்டிக் காயவைப்பார்கள். அவசரமென்றால் தண்ணீர் சொட்டச் சொட்ட யன்னல் வெளிச்சத்தில் பிடித்து முறிவைத் தேடுவோம். பூஜி நிறுவனம் 1983இலேயே கணினிவழி எக்ஸ்கதிர் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தும் அது எமது வைத்தியசாலைகளுக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன.

பிலிமிலும் சரி, திரையிலும் சரி, மாறாத விதி ஒன்று உண்டு. பெயரும் திகதியும் வலது, இடது குறியும் இல்லாத எக்ஸ்கதிர்ப் படத்தை நம்பி எந்த வைத்தியரும் சிகிச்சை செய்யமாட்டார். எவ்வளவு துலக்கமாக இருந்தாலும் அது யாருடைய நெஞ்சும் அல்ல. ஆகவே டிஜிட்டலுக்கு மாறியபோது மருத்துவ உலகம் முதலில் செய்த ஏற்பாடுகளுள் ஒன்று, பெயரைப் படத்தோடு பிரிக்க முடியாதபடி கட்டியது. 1993இல் ‘டைகொம்’ என்று பெயர்பெற்ற பொது நியமத்தின்படி, நோயாளியின் பெயர், பிறந்த திகதி, படமெடுத்த நாள் எல்லாம் படக் கோப்பின் உள்ளேயே இருக்கும். படம் எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் அவையும் கூடவே போகும்.

எமது கல்லூரிப் பழைய குழுப்படத்தின் அடியில் பெயர் அச்சிட்டவர்கள் இதே வேலையை நூறு ஆண்டுகளுக்கு முன்னரே மையும் அட்டையும் கொண்டு செய்திருக்கிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியவை

அன்பு அக்காமாரே, தங்கைமாரே, சங்கத்தின் சார்பில் உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

வீட்டிலுள்ள நெகட்டிவ்களை எறிய வேண்டாம். படம் மங்கியிருந்தாலும் நெகட்டிவிலிருந்து நல்ல பிரதி எடுக்கலாம். ஒட்டும் பிளாஸ்டிக் தாள் உள்ள அல்பங்கள் காலப்போக்கில் படத்தைக் கெடுக்கும். காகித உறைக்கு மாற்றுங்கள். ஈரமான ஊர்களில் இருப்பவர்கள் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொதியுடன் வையுங்கள். படத்தின் பின்புறம் பேனையால் அழுத்தி எழுதாமல் மென்மையான பென்சிலால் பெயர், வகுப்பு, ஆண்டு, நிகழ்ச்சி ஆகியவற்றை எழுதுங்கள்.

டிஜிட்டல் படங்களுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும்: இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில். 2003 – 2012 காலத்துப் பழைய கணினி, நினைவட்டை, இறுவட்டு எதுவானாலும் ‘வேலை செய்யாது’ என்று ஒதுக்காமல் ஒருமுறை திறந்து பார்க்கக் கொடுங்கள். பாதியாவது மீட்க முடிவதுண்டு. எமக்கு அனுப்பும்போது தொலைபேசியில் ‘ஆவணம்’ என்ற வழியைத் தெரிவுசெய்தால் படம் சுருங்காது. கோப்பின் பெயரில் இலக்கத்தை நீக்கிவிட்டு ஆண்டையும் ஆட்களையும் எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்களைக் கேளுங்கள். எமது முதல் தலைமுறை மாணவிகளில் சிலர் தொண்ணூறைத் தாண்டி வாழ்கிறார்கள். அம்மாயிமார், அப்பாயிமார் மடியில் ஒரு பழைய படத்தை வைத்து ‘இது யார்?’ என்று கேட்டால் ஒரு பெயருக்குப் பின்னால் ஒரு தோட்டமே வெளிவரும். அந்தப் பேச்சைத் தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். இந்தக் காலத்துக் கமரா கூடவே குரலையும் பிடிக்கும் என்பது எமக்குக் கிடைத்த கொடை.

இந்த ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் உயர்தர வகுப்பின் ஒரு குழுப்படத்தை அச்சிட்டு, அடியில் பெயர்களைப் பொறித்து, கல்லூரி நூலகத்தில் ஒன்றும் சங்கத்தில் ஒன்றும் வைப்பதெனத் தீர்மானித்திருக்கிறோம். எத்தனை ஆயிரம் படங்கள் தொலைபேசியில் இருந்தாலும் இந்த ஒன்று காகிதத்தில் இருக்கும். சமுகமளிக்காதோர் பெயரும் அதில் இருக்கும்.

இம்மலரின் பிற்பகுதியில் அச்சிட்டுள்ள பழைய படங்களில் நாங்கள் இனங்காண முடியாத முகங்களுக்கு அருகே சிறிய இலக்கங்களை இட்டிருக்கிறோம். கனடாவிலோ கும்பகோணத்திலோ கொட்டகலையிலோ இருந்து இதை வாசிக்கும் உங்களில் ஒருவருக்கு அந்த முகம் அக்காவாக, அம்மாவாக, பக்கத்து வாங்குத் தோழியாக இருக்கும். இலக்கத்தைக் குறிப்பிட்டுப் பெயரை எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் அந்த இலக்கங்கள் இருக்கக் கூடாது என்பதே எங்கள் விருப்பம்.